மிச்சக் கயிறு

கயிறு ஒருமுறைதான் இழுபட்டிருக்க வேண்டும். இழுபட்டு, நின்று, கொஞ்சம் யோசித்ததுபோல இன்னொருமுறையும் இழுபட்டது.

"எதுக்கு ரெண்டு தடவை இழுத்த?" என்றார், கண்ணைக் கட்டிக்கொண்டு நடைவழியில் தவழ்ந்துகொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக்.

"ஒரு தடவைதான் இழுத்தேன். உங்களுக்கு எண்ணத் தெரியலைன்னா கயிறு என்னங்க பண்ணும்?" என்றாள் பின்னால் ஒரு காலை நீட்டி இழுத்தபடி தவழ்ந்துவந்த மனைவி.

அது திங்கட்கிழமை மதியம். பின்தெருவில் ஒரு வீடு எரிந்து, கணவன் வெளியே ஓடிவந்து, மனைவி புகையில் வழி தெரியாமல் உள்ளேயே நின்றுபோன நாளிலிருந்து மெக்கானிக்குக்குக் கண் மூட முடியவில்லை. தன் மனைவிக்கு முழங்கால் வேறு மடங்காது. அவளை விட்டுவிட்டு வெளியே வந்து நிற்பவராகத் தான் ஆகிவிடக் கூடாது. அவ்வளவுதான் அவருடைய பயம்.

உடனே, ஆபத்தில் உயிர்பிழைப்பது எப்படி என்று சொல்லும் ஒரு கையேடு வாங்கினார். உலகத்தையே காப்பாற்றக் கிளம்பினார். மொட்டைமாடியில் அடித்த கூடாரம் ஆறு வீடு தாண்டிப் பறந்து யாருடைய துணிக்கொடியிலோ உட்கார்ந்தது. கையடக்க அடுப்பு இடது புருவத்தைத் தின்றது. கரியும் மணலும் போட்டு வடிகட்டிய தண்ணீர், கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே அவரை இரண்டு நாள் ஓட்டப்பந்தயம் ஓடவிட்டது. அவசரப் பையைத் தூக்க யானைதான் வரவேண்டும் என்பதால், கயிறு அறுக்கும் கத்தியை வயிற்றில் வைத்துக்கொண்டு அது படுக்கையறை மூலையிலேயே குந்தியிருந்தது.

மிஞ்சியது கயிறுதான். இருபது மீட்டர். ஒரு முனை அவர் இடுப்பில், நடுப்பகுதி அவள் இடுப்பில். மிச்சம் அவளுக்குப் பின்னால் வால்போலக் கிடக்கும். நல்ல கயிற்றை வெட்டக் கூடாதாம். ஒருமுறை இழுத்தால் 'இருக்கேன்'. மூன்றுமுறை இழுத்தால் 'என்னை இழு'. அப்போது உதறாமல், ஒரே சீராக, ஆள் வந்து சேரும்வரை இழுக்க வேண்டும். இழுத்த கயிற்றை வட்டம் வட்டமாகச் சுற்றி வைக்க வேண்டும். பயிற்சிக்கு முன் தினமும் இதை அவர் வீடே அதிர ஒப்பித்தார்.

இறுகாத முடிச்சு மட்டும் அவருக்கு வரவேயில்லை. எப்படிப் போட்டாலும் சுருக்காகவே வந்து விழுந்தது.

"என்னுது பாருங்க, நாடா முடிச்சு, சொடுக்குனா அவிழும். உங்களுது ஆட்டை இழுத்துட்டுப் போற முடிச்சு."

"என்னை யாருடி இழுக்கப் போறா? முன்னாடி போறவனே நான்தானே!"

செவ்வாய்க்கிழமை அந்த இரண்டாவது இழுப்பு சற்றுச் சீக்கிரமே வந்தது.

புதன்கிழமை, "ஏங்க, எனக்குப் பின்னாடி யாரோ இழுக்குற மாதிரி இருக்கு" என்றாள். "கட்டில் கால்ல மாட்டியிருக்கும்" என்றார். போய்ப் பார்த்தால் வால் எதிலும் மாட்டவில்லை. அதன் நுனியில் ஒரு முடிச்சு இருந்தது. கோணலாக, பாதியில் விட்ட சுருக்கு. அவள் போட்டது என்று அவர் நினைத்தார், அவர் போட்டது என்று அவள் சிரித்தாள்.

வியாழக்கிழமையும் அதே முடிச்சு. இன்னும் கொஞ்சம் திருத்தமாக. அன்று யாரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை கடைசிப் பயிற்சி. ஜன்னல்களில் வெளிச்சம் வராமல் கம்பளி தொங்கியது. கண்கட்டுக்குள் தன் மூச்சே தன் முகத்தில் சுட, அந்துருண்டை நெடியும் பழைய தூசியும் தொண்டையை அறுக்க, தரையின் குளிர்ச்சியை உள்ளங்கையால் தடவித் தடவி அவர் நகர்ந்தார். சமையலறை தாண்டும்போது பால் பொங்கும் வாசனை வந்தது. பிறகு நின்றுவிட்டது. பின்னால் அவள் முனகல் கேட்கவில்லை. வலியைப் பொறுத்துக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். தரையில் உரசும் ஓசை மட்டும் தொடர்ந்து வந்தது.

வாசற்படி. வெயில். முற்றத்துச் சரளைக்கல். உட்கார்ந்து, ஒருமுறை இழுத்தார்.

பதில் வந்தது. ஒன்று. ஒன்றே ஒன்று. பிசிறில்லாமல்.

"பலே! இன்னிக்குத்தான் ஒழுங்கா வந்துச்சு!"

"என்ன வந்துச்சு?"

குரல் அவர் வலது தோளுக்கு அருகில் கேட்டது.

கண்கட்டைப் பிடுங்கினார். கையில் கரண்டியோடு மனைவி நின்றாள். "பால் பொங்கிடுச்சுங்க. முடிச்சை அவுத்துப் போட்டுட்டுப் பின்வாசல் வழியா வந்துட்டேன்."

அவர் இடுப்பிலிருந்து கயிறு படியேறி, கதவைத் தாண்டி, இருட்டுக்குள் போயிருந்தது. தரையில் கிடக்கவில்லை. விறைப்பாக நின்றது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

"இழுத்துடாதீங்க" என்றாள்.

அவர் இழுக்கவில்லை. அது காத்திருந்தது. நிதானமாக. பாடம் சொன்னவருக்கே பாடம் மறந்துவிட்டதோ என்பதுபோல.

பிறகு கயிறு உள்ளே போகத் தொடங்கியது.

உதறாமல். ஒரே சீராக.

சுருக்கு இறுகியது. நகம் பெயர்ந்தது, முடிச்சு பெயரவில்லை. "கத்தி எங்க?" "பையில." "கத்திரிக்கோல்?" "உள்ள." எல்லாம் உள்ளே. அவள் கரண்டியை எறிந்துவிட்டு அவர் அக்குளைக் கட்டிக்கொண்டாள். மடங்காத முழங்கால் மடங்கியது. சரளைக்கல்லில் அவர் குதிகால் இரண்டு கோடு கிழித்துக்கொண்டே போனது.

பாதங்கள் வாசற்படியில் முட்டி நின்றன. கயிறும் நின்றது.

நடைவழி இருட்டில், இழுத்த கயிறு வட்டம் வட்டமாக, அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே, அழகாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. அதற்கு அப்பாலிருந்து கயிறு மெல்ல, ஒரே ஒருமுறை, இழுபட்டது.

இருக்கேன்.