பதிவேட்டில் பெய்த மழை

கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கடையின் மாடியில் ராமசுப்புவின் துப்பறியும் நிலையம் இருந்தது. ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தபோது, காணாமல்போன மூட்டைகளைத் தேடித் தேடிக் கற்றுக்கொண்டதுதான் அவருடைய துப்பறியும் கலை. பெயர்ப்பலகை எழுதியவன் அவசரத்தில் நடு எழுத்துகளை விழுங்கிவிட்டதால் வாசலில் 'ராமசுப்பு துப்பும் நிலையம்' என்று இருந்தது. வெற்றிலை போடும் பெருமக்கள் மாடிப்படியை அந்த அர்த்தத்திலேயே பயன்படுத்தி வந்தார்கள். வழக்கோடு வரும் கட்சிக்காரர்களைவிட அவர்களே அதிகம்.

1998 ஜூன் மாதத்தில் ஒரு காலை, அந்தப் படிகளில் எச்சரிக்கையாகக் கால் வைத்து ஒருவர் ஏறி வந்தார். முப்பது வயதிருக்கும். தோளில் துண்டு, கையில் மஞ்சள்பை, உடம்பெல்லாம் ஆட்டு வாசனை.

"துப்பறியுறவிய இவியதானா?" என்று அவர் கேட்டது, ராமசுப்புவின் எதிரே உட்கார்ந்திருந்த சுடலைமணியிடம். சுடலைமணி நாற்பத்தைந்து வயது ஆட்டோ டிரைவர். சவாரி இல்லாத நேரமெல்லாம் மாத நாவல் படித்துப் படித்து, ஊரில் பாதிப் பேரைக் கொலைகாரர்களாகப் பார்க்கப் பழகியவர். ராமசுப்புவுக்கு உதவியாளர் என்று தன்னைத் தானே நியமித்துக்கொண்டவர்.

"அண்ணாச்சி அவியதான். நான் அவியளுக்கு வலது கை. உக்காருங்க. யாரு செத்துப் போயிட்டா?"

"எம் பொண்டாட்டி."

சுடலைமணி வாயை மூடிக்கொண்டார். நாவல்களில் இந்த இடத்தில் யாரும் இப்படித் தலையைக் குனிந்துகொண்டு சொல்வதில்லை.

வந்தவர் பெயர் முத்துசெல்வம். ஊசிமேட்டுப்பட்டிக்காரர், ஆடு மேய்ப்பவர். அவர் மனைவி பூங்கொடி, அந்த ஊருக்கு வெளியே செண்பகராஜ் முதலாளி நடத்தும் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கும் வேலை பார்த்தாள். இந்தப் பக்கம் தீப்பெட்டி ஆலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். காய்ந்த குச்சிகளைப் பெட்டிக்குள் வேகவேகமாகத் திணிக்க வேண்டும். கொஞ்சம் உரசினாலும் பற்றிக்கொள்ளும். ஏப்ரல் பதினேழாம் தேதி மதியம் இரண்டு மணிக்குப் பற்றிக்கொண்டது. பூங்கொடி வெளியே வரவில்லை.

"நஷ்ட ஈடு கேட்டு மனு போட்டேன் அண்ணாச்சி. அதுக்கு மொதலாளி குடுத்த பதில் இது."

ராமசுப்பு காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். 'சம்பவ தினத்தன்று காலை பெய்த மழை காரணமாக ஆலைக்கு விடுமுறை. பதிவேட்டிலும் அவ்வாறே குறிக்கப்பட்டுள்ளது. மேற்படி பூங்கொடி எமது தொழிலாளி அல்ல. ஆளில்லாத ஷெட்டில் தீக்குச்சி மருந்து திருடும் நோக்கத்துடன் தனியே நுழைந்து, தன் கவனக்குறைவால் மரணமடைந்தார். நிர்வாகம் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறது.'

"அனுதாபத்த கடைசி வரில வச்சிருக்கான் பாருங்க, ஊறுகா மாதிரி," என்றார் சுடலைமணி.

தீப்பெட்டித் தொழிலில் மழை என்றால் விடுமுறை என்பது எல்லோருக்கும் தெரியும். மருந்தில் முக்கியெடுத்த குச்சி காய வெயில் வேண்டும். செண்பகராஜ் பெரிய மனிதர். கோயிலுக்குக் கொடுத்த உண்டியலின் மேலேயே தன் பெயரைப் பொறித்துவைத்த தர்மவான். ஆபீஸ் மூடியிருந்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் தொழிலாளி இல்லை. தொழிலாளி இல்லையென்றால் செத்ததும் யாருமில்லை. கணக்கு அவ்வளவு சுத்தம்.

"அன்னைக்கு மழை பேஞ்சுதா?" என்று கேட்டார் ராமசுப்பு.

"கோவில்பட்டில விடிய விடியப் பேஞ்சு பத்து மணிக்குத்தான் விட்டுதாம். தாலுகா ஆபீசுல நாலு செண்டிமீட்டர்னு எழுதியிருக்காம், அதுக்கு நகல் வாங்கிப் போட்டுட்டாவ. எங்க ஊர்ல ஒரு சொட்டு விழல. கோடை மழை அப்படித்தான பெய்யும்? ஆனா ஆடு மேய்க்கிறவன் சொல்லுததயா எழுதப்போறாவ?"

"கூட வேலை பார்த்தவங்க?"

"பதினேழு பொம்பளைக. ஒருத்தியும் பேசல. பேசுனா ஆபீச இழுத்து மூடிருவேன்னு போர்மேன் சொல்லியிருக்கான்." முத்துசெல்வம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "பணம் கெடைக்காட்டியும் போகுது அண்ணாச்சி. எம் மக கிருஷ்ணப்ரியா ஒண்ணாப்பு படிக்கா. கூடப் படிக்கிறதுக 'மருந்துத் திருடி மக'ன்னு கூப்புடுதாம். பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு அழுவுதா."

கீழே கடையில் பாகு காய்ச்சும் வாசனை ஏறி வந்தது. பிறகு ராமசுப்பு மஞ்சள்பையைக் காட்டினார். "அது என்னது?"

"அவ செருப்பு. ஷெட்டு வாசல்ல கெடந்துதுன்னு போலீஸ்ல எடுத்துவச்சு, பெறகு குடுத்தாவ. பிரிச்சுப் பாக்க மனசு வரல."

ராமசுப்பு செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்தார். நீல வார் போட்ட ரப்பர் செருப்புகள். அந்த வட்டாரத்தில் பெண்கள் எல்லோரும் போடுவது. அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மணி, பார்த்ததைச் சொல்லு," என்றார்.

சுடலைமணி மூக்கருகே கொண்டுபோய் ஆராய்ந்தார். "பழைய செருப்பு. அடியில வெறும் புழுதி, நெருஞ்சி முள்ளு ரெண்டு. மேல பெருவெரல் அமுங்கிக் குழி விழுந்திருக்கு. ரெண்டுலயும் வலது ஓரத்துல. நல்லா நடந்த கால். வேற ஒண்ணுமில்ல அண்ணாச்சி, வேஸ்ட்டு."

"எல்லாத்தையும் சொல்லிட்ட," என்றார் ராமசுப்பு. சுடலைமணி பெருமையோடு நிமிர்ந்தார். என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவருடைய ஆட்டோவில் ஊசிமேட்டுப்பட்டிக்குப் போனார்கள். தார்ச்சாலை முடிந்து, ஆபீஸ் வரை அரைக் கிலோமீட்டருக்குக் கரிசல் காட்டு வண்டிப்பாதை. வெயிலில் வெடித்துக் கிடந்த பாதையில் ஆட்டோ குதித்துக் குதித்துப் போனது.

"வெயில்னால போறோம். ஒரு மழை விழட்டும், மண்ணு சக்கரத்துல உருண்டை உருண்டையா அப்பிக்கிடும். ஆட்டோ என்ன, டிராக்டரே நிக்கும்," என்றார் சுடலைமணி.

ஆபீசில் கரிந்த ஷெட்டுக்கு அடுத்த ஷெட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. குச்சி கிடக்கும் தரையில் செருப்புக் கால் உரசக் கூடாது என்பதால் எல்லோரும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேப்பமரத்தடியில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ராமசுப்பு குத்தவைத்து அவற்றைப் பார்க்க ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, நாம வந்தது சாவுக்கா, செருப்புத் திருடவா? யாரும் பாத்தா வெளக்கமாறுதான்."

"அந்த ஜோடியைப் பார்."

ஒரு ஜோடி மட்டும் விநோதமாக இருந்தது. இரண்டும் ஒரே பக்கம் வளைந்து, கோபித்துக்கொண்ட சம்பந்திகள் போல ஒன்றையொன்று பார்க்காமல் கிடந்தன. ஒன்றின் வார் அறுந்து, ஊக்கு குத்தி ஒட்டுப்போட்டிருந்தது.

"ஏய், யாருய்யா அது?" போர்மேன் சோலைமுத்து ஓடி வந்தார். "இங்கன என்ன சோலி? போங்க, போங்க."

"தண்ணி குடிக்க வந்தோம்."

"தண்ணி கெடையாது."

"தீப்பெட்டி ஆபீஸ்ல தண்ணி கிடையாதா?" என்று ராமசுப்பு அமைதியாகக் கேட்டார். எரிந்த ஷெட்டின் வாசலில் நான்கு புத்தம்புதிய தீ வாளிகள் தொங்கின. நான்கும் காலி.

சாப்பாட்டு மணி அடித்ததும் அந்த விநோத ஜோடியை மாட்டிக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். பாதையில் ராமசுப்பு அவளோடு நடந்தார். அவள் பெயர் சந்தனமாரி.

"கால் வலிக்கலையாம்மா?"

அவள் சேலையைக் கால் மறைய இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஏழைக்கு எது கெடச்சாலும் செருப்புதான்."

"புதன்கிழமை திருநெல்வேலியில விசாரணை. உன்னை வரச் சொல்லலை. தேதியை மட்டும் சொன்னேன்."

அவள் வேகமாக நடந்தாள். ஒரு கால் சரியாகவும் ஒரு கால் கோணலாகவும் விழுந்தது.

புதன்கிழமை தொழிலாளர் துறை அதிகாரியின் அறையில் செண்பகராஜ் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு; உடம்பில் அழுக்குப்பட ஒரு இடம் இல்லை. பக்கத்தில் அவர் வக்கீல். பின்னால் சோலைமுத்து. வக்கீல் வைக்க வசதியில்லாத முத்துசெல்வத்துக்காகப் பேச அதிகாரி ராமசுப்புவுக்கு அனுமதி கொடுத்தார்.

"துப்பும் நிலையம்," என்று வக்கீல் யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். ராமசுப்பு அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு முதலாளி பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, விடுமுறை விட்டது யாரு?"

"நான்தான். எந்த முடிவும் நானே நேர்ல போய்ப் பாத்துத்தான் எடுக்குறது. தொழிலாளிக என் பிள்ளைக மாதிரி."

"அன்னைக்கும் போனீங்களா?"

வக்கீல் இருமினார். ஆனால் பெரிய மனிதர்கள் பெருமை பேசத் தொடங்கினால் இருமலுக்கு நிற்பதில்லை. "காலைல எட்டு மணிக்குப் போனேன். சரியான மழை. கார்ல உக்காந்தபடியே சோலைமுத்தக் கூப்பிட்டு லீவு விடச் சொல்லிட்டுத் திரும்பிட்டேன்."

"கார் தார்ச்சாலையில நின்னுதா?"

"எதுக்கு? ஆபீஸ் வாசல் வரைக்கும் போகும்."

அறையின் பின்பக்கத்தில் சுடலைமணி சத்தமாகச் சிரித்துவிட்டார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"மன்னிக்கணும் சார்," என்றார் ராமசுப்பு. "அவர் ஆட்டோ ஓட்டுறவர், அதனால சிரிக்கிறார். அந்தப் பாதை அரைக் கிலோமீட்டரும் கரிசல். விடிய விடிய மழை பெய்த கரிசல்ல கார் போகவும் போகாது, போனால் அன்னைக்கே திரும்பவும் வராது. இது அந்த ஊர்ல நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியலைன்னா ஒரே காரணம்தான். அவர் மழைக்காலத்துல தன் ஆபீசுக்குப் போனதே இல்லை. அன்னைக்கும் போகலை. வீட்டு ஜன்னல் வழியா கோவில்பட்டி மழையைப் பார்த்தார். பிற்பாடு அதையே எடுத்து ஊசிமேட்டுப்பட்டிப் பதிவேட்டுல பெய்யவச்சிட்டார்."

"தாலுகா ஆபீஸ் கணக்கு இருக்கு!" என்றார் வக்கீல்.

"இருக்கு. அது தாலுகா ஆபீஸ் மாடியில பெய்த மழை." ராமசுப்பு பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் வைத்தார். "இது இறந்தவ செருப்புன்னு போலீஸ் எடுத்தது. இவங்க கணக்குப்படி, மழை விட்டு நாலு மணி நேரத்துல கரிசல் காட்டைக் கடந்து வந்த செருப்பு. ஈர மண் ஒட்டினா காய்ஞ்ச பிறகு கல்லாட்டம் இருக்கும், உளி வச்சுத்தான் பெயர்க்கணும். இதுல புழுதிதான் இருக்கு."

"ரெண்டு தூசிய வச்சு நஷ்ட ஈடா?" வக்கீல் சிரித்தார்.

"தூசி மட்டும் இல்லை. இந்த ரெண்டையும் யாராவது போட்டுப் பாருங்க. ஏன், போர்மேனே போடட்டும்."

சோலைமுத்து அசையவில்லை. அதிகாரி செருப்புகளைக் கையில் எடுத்தார். திருப்பினார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ரெண்டும் இடது கால்."

"ஆமா சார். ரெண்டுலயும் பெருவிரல் குழி வலது ஓரத்துல. தனியா திருட வந்தவ ரெண்டு இடது கால்ல வந்திருக்கா. அப்படி இல்லைன்னா, அந்த வாசல்ல அன்னைக்கு நிறையச் செருப்பு கிடந்திருக்கு. தீ பிடிச்சதும் பதினேழு பேர் வெறுங்காலோட ஓடியிருக்காங்க. ஆளே வரலைன்னு காட்டணும்னா செருப்புகளை அள்ளணும். எல்லாத்தையும் அள்ளினா இறந்தவளுக்கு இல்லாமப் போயிடும். போர்மேன் அவசரத்துல ஏதோ ரெண்டை விட்டுட்டு, மத்ததைச் சாக்குல கட்டி, மறுநாள் உரியவங்ககிட்ட கொட்டியிருக்கார். எது யாருதுன்னு அவருக்குத் தெரியாது. அவர் அவங்க கால்பக்கம் பார்த்தவர் இல்லையே."

"கதை!" செண்பகராஜ் எழுந்துவிட்டார். "பதினேழு பேருன்னு சொல்லுதாரே, ஒருத்திய வந்து சொல்லச் சொல்லுங்க பாப்போம்!"

கதவருகே ஒரு சலசலப்பு. சந்தனமாரி நின்றிருந்தாள். பஸ்ஸில் நின்றே வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. முதலாளியைப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கினாள். பிறகு குனிந்து, இரண்டு செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேஜையருகே வந்தாள்.

"எனக்கு ரெண்டும் வலது காலாக் குடுத்தாவ. கேட்டதுக்கு, 'உசுரோட இருக்கல்லா, போட்டுக்க'ன்னு இவருதான் சொன்னாரு," என்று சோலைமுத்துவைக் காட்டினாள்.

ராமசுப்பு நான்கையும் சேர்த்து வைத்தார். ஒன்றுக்கொன்று பொருந்தி இரண்டு ஜோடி ஆயின. ஊக்கு குத்திய செருப்பைப் பார்த்ததும் முத்துசெல்வம் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அந்த ஊக்கு நான் குத்துனது சார். புதுசு வாங்கித்தாரேன்னு சொல்லியிருந்தேன்."

"ஏன் இப்ப வந்தீங்க?" என்று அதிகாரி சந்தனமாரியைக் கேட்டார். "வேலை போயிடுமே."

"போகும் சார். ரெண்டு மாசமா அவ செருப்பப் போட்டுக்கிட்டு, அவ திருடின்னு சொன்னதுக்கும் பேசாம இருந்தேன். கால் கூசிச்சு."

"ஏட்டி, ஒன்ன..." என்று சோலைமுத்து தொடங்கினார். "நீ சும்மா இருல!" என்று செண்பகராஜ் அவர் மேல் பாய்ந்தார். "எல்லாம் இவன் பாத்த வேலை சார். எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் அந்தப் பக்கமே போறதில்ல!"

தாம் சொன்னது என்ன என்று முதலாளிக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. வக்கீல் அதற்கு முன்பே பேனாவை மூடிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து அதே அறையில், நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மேல்முறையீடு செய்வோம் என்றார் வக்கீல். முழுத் தொகையையும் முதலில் கட்டிவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றார் அதிகாரி. செண்பகராஜுக்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவிக்க அங்கே யாரும் முன்வரவில்லை. அவர் படி இறங்கியபோது சோலைமுத்துகூட இரண்டு படி தள்ளியே இறங்கினார்.

"எவ்வளவுன்னு கேட்டியளா?" என்று சுடலைமணி முத்துசெல்வத்தின் காதில் கிசுகிசுத்தார்.

முத்துசெல்வம் அதைக் காதில் வாங்கவில்லை. "சார், அந்த மொத வரிய இன்னொரு தடவ வாசிங்க," என்றார்.

அதிகாரி வாசித்தார். "இறந்துபோன பூங்கொடி, வயது இருபத்தாறு, மேற்படி ஆலையில் பெட்டி அடைக்கும் தொழிலாளி, பணியில் இருந்தபோது..."

"இதுல இன்னொரு நகல் கெடைக்குமாய்யா?"

நகல் கேட்க ஒரு படிவம் இருந்தது. சந்தனமாரியும் முத்துசெல்வமும் இரண்டு பக்கமும் நிற்க, ராமசுப்பு அதை நிரப்பினார். மனுதாரர் பெயர், ஊர், வழக்கு எண். கடைசிக் கட்டத்தில் 'நகல் எதற்காகத் தேவைப்படுகிறது' என்று கேட்டிருந்தது. அவர் பேனாவோடு நிமிர்ந்தார்.

"என்ன எழுதட்டும்?"

முத்துசெல்வம் யோசித்துவிட்டுச் சொன்னார். ராமசுப்பு அதைக் குண்டு குண்டாக எழுதினார்: 'ஒண்ணாம் வகுப்பு டீச்சர் சத்தமாக வாசிக்க.'