மருமகளுக்காக ஒரு கக்கூஸ்

கதவுத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டதும், அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே விஜயராணி சொன்னாள்.

“கெளம்பியாச்சா... இப்பத்தான வந்தா! அங்கனயே ஒரு கட்டிலப் போட்டுக் குடுங்கல, படுத்துக் கெடக்கட்டும்!”

மருமகள் மாரிசெல்வி அடிவயிற்றைக் கையால் அழுத்தியபடி சந்தின் கோடியிலிருந்த பொதுக் கக்கூஸை நோக்கி நடந்தாள்.

“எம்மா, அவளுக்கு வலிக்கும்மா” என்றான் மகன் ராஜபாண்டி.

“ரெண்டு தடவ மூத்திர டெஸ்ட் எடுத்தாச்சு. கிருமி இல்லன்னு எழுதிட்டான். பின்ன என்ன வலி? எல்லாம் நாடக், வெறும் நடிப்பு!”

“மோரிய இடிச்சு உள்ளயே ஒரு கக்கூஸ் கட்டிருவோம்மா. நீ சரின்னு ஒரு வார்த்த சொல்லு...”

மோரி என்பது அடுப்பை ஒட்டிக் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் இருந்த மூலை. இட்லி விற்று விஜயராணி வாங்கிய வீடு; பத்திரம் அவள் பெயரில். அதனால்தான் இந்தக் கெஞ்சல்.

கணவர் பூலோகம் செய்தித்தாளை மடித்தார். “கட்டட்டும் விஜயா. பாவம், சின்னப் புள்ள.”

பாவம்! அந்தச் சொல் அவளைச் சுட்டது. தாராவிக்கு வாழ வந்த முப்பது வருடங்களில், காய்ச்சலோடும் மழையோடும் அந்த வரிசையில் எத்தனை நாள் நின்றிருப்பாள்! ஒரு தடவைகூட இவர் வாயில் வராத சொல், நேற்று வந்தவளுக்கு எத்தனை சுலபமாக வருகிறது...

“என் உசுரு இருக்க மட்டும் மோரிய ஒருத்தரும் தொடக் கூடாது” என்றாள்.

அடுத்த வாரம் மாரிசெல்வி மாட்டுங்காவில் டாக்டர் பத்மஜாவிடம் போனபோது, நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு விஜயராணியும் கிளம்பினாள். ‘ஒன்றுமில்லை’ என்று டாக்டர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை.

“இது நடிப்பில்லைம்மா” என்றார் டாக்டர். “மூத்திரப்பைக்கு உள்பக்கம் வழவழன்னு ஒரு பூச்சு இருக்கும். மூத்திரத்துல இருக்கற உப்பும் அமிலமும் சதையில படாம அதுதான் காப்பாத்தறது. இவளுக்கு அது தேய்ஞ்சிருக்குன்னு நினைக்கறேன். உள்ளே கேமரா விட்டுப் பார்த்தேனே, புள்ளி புள்ளியா ரத்தம் கசியறது. கிருமியே இல்லைன்னா டெஸ்ட்ல எப்படித் தெரியும்? புண்ணுல உப்பைத் தடவின மாதிரி வலிக்கும். அடக்கச் சொல்லிடாதீங்கோ... ஆமாம், புளிப்பு ஏதாவது நிறையச் சாப்பிடறாளா?”

“இல்ல டாக்டர்” என்றாள் மாரிசெல்வி அவசரமாக.

விஜயராணிதான் சொன்னாள். “எலுமிச்சம்பழம்... தெனமும் காலையில ஒரு சொம்பு. நாந்தான் பிழிஞ்சு குடுப்பேன். சூடு தணியும்னு...”

சூடு தணியத்தானா? வாசலில் உட்கார்ந்து, சந்தே பார்க்கும்படி அல்லவா பிழிந்தாள்! நல்ல மாமியார் என்று நாலு பேர் சொல்ல வேண்டுமே.

“ஐயோ, உடனே நிறுத்துங்கோ. எரிஞ்சிருக்குமே!”

திரும்பும்போது டாக்சியில் கேட்டாள். “ஏட்டி, எரியுதுன்னா வாயத் தொறந்து சொல்ல வேண்டியதான?”

“நீங்க உங்க கையால எனக்குன்னு குடுத்தது அது ஒண்ணுதான் அத்த...”

விஜயராணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நெஞ்சு கரைந்தது. ஆனால் அந்தக் கரைதலுக்கு அடியிலும் ஒரு முள்... பொறுத்துப் போவது ஒன்றுதான் தனக்கென்று இருந்த பெருமை. அதிலும் இவள் முந்திவிட்டாளே!

வீடு திரும்பியவர்கள் டாக்டர் சொன்னதைச் சொன்னதுமே பூலோகம் ஆரம்பித்தார். “இப்பமாவது சரின்னு சொல்லு விஜயா. பாவம்...”

அவள் வெடித்தாள்.

“பாவமா? எனக்கு ஒரு நாள் சொன்னியளா இந்தப் பாவத்த? இவன நெறமாசமா சொமந்துக்கிட்டு, கொடையப் புடிச்சி வரிசையில நின்னேனே, அப்பம் இந்த மோரி இங்கதான இருந்துச்சு! மருமவளுக்குன்னதும் அப்பனுக்கும் மவனுக்கும் கண்ணு தெரியுதோ!”

“நீ ஒரு நாளும் கேக்கலையேம்மா...” என்றான் ராஜபாண்டி.

“கேட்டாத்தான் தெரியுமால?”

மாரிசெல்விதான் முன்னால் வந்தாள்.

“மாமா, எனக்குன்னு கட்ட வேண்டாம். அத்தைக்குன்னு கட்டுங்க. நா வந்த நாள்லேருந்து பாக்கேன்... விடிஞ்சதுலேருந்து பொழுது அடையுத வரைக்கும் அத்த ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாவ. எதுக்குன்னு யாராவது கேட்டியளா?”

வரிசைக்குப் பயந்தே தண்ணீரை விட்டிருந்தாள் விஜயராணி. தாகமே எடுக்காத உடம்பு என்று தன்னையே நம்ப வைத்திருந்தாள். கட்டியவருக்குத் தெரியவில்லை. பெற்ற மகனுக்குத் தெரியவில்லை. நாடகக்காரி என்று யாரை ஏசினாளோ, அவள் பார்த்திருக்கிறாள்...

“எம்புள்ளே!” என்று மாரிசெல்வியை இழுத்துக் கட்டிக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.

பூலோகம் எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். “குடி” என்றார், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல். நடுப்பகலில், தம்ளரின் அடிவரை குடித்தாள்.

“நாளைக்கே கொத்தனாரக் கூப்புடுல” என்றாள் மகனிடம்.

கொஞ்ச நேரத்தில் மாமியாரும் மருமகளும் சேர்ந்தே சந்தில் இறங்கினார்கள். கக்கூஸ் வாசலில் நீண்ட வரிசை.

“எம்புள்ளைக்கு முடியல, வழிய விடுங்க” என்றாள் விஜயராணி.

பக்கத்து வீட்டு சொர்ணம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். “என்ன மைனி, இவ பண்ணுதது நாடக்னு நீங்கதான ஊரெல்லாம் சொன்னிய?”

“ஆமா, சொன்னேன். பொறாமையில சொன்னேன்.” மருமகளின் தோளைப் பிடித்து முன்னால் நகர்த்தினாள். “இப்பம் வழிய விடுட்டி!”