விசிறியில் முடி

மூன்றாவது முறையாக நீலப்பெட்டியின் விசிறியில் முடி சிக்கியிருந்தது.

வெற்றிச்செல்வன் அதை இடுக்கியால் பிரித்தெடுத்தான். முதல் நாள் விரல்நுனி அளவு. நேற்று ஒரு சாண். இன்று முழங்கை நீளம். வீட்டில் அவன் ஒருவன்தான். மனைவி பூர்ணிமாவின் காரியத்துக்கு மழித்த தலையில் முடி இன்னும் சரியாக வளரவில்லை.

பழைய குட்டி சர்வர்களை வாங்கிப் பழுது பார்ப்பது அவன் வழக்கம். ஆனால் இந்த நீலப்பெட்டி சேதராப்பட்டில் பூர்ணிமா வேலை பார்த்த கம்பெனியுடையது. அவள் எழுதிய மெயில்களெல்லாம் இதற்குள் இருந்தன. கம்பெனி மூடியதும் காயலான் கடையிலிருந்து எடுத்துவந்தான். தேய்ந்த டிஸ்க், ஒருமுறை நின்றால் மறுபடி சுழலாது. மெயில்களில் பாதிக்குச் சற்று மேல்தான் அவன் கம்ப்யூட்டருக்கு நகலாகியிருந்தது.

கடைக்காரர் சாமிக்கண்ணுவுக்குப் போன் செய்தான்.

"பொம்பள முடியா? எலின்னா திருப்பி எடுத்துக்குவேன் தம்பி, முடிக்கெல்லாம் கேரண்டி கெடையாது," என்று சிரித்தார்.

"யாராச்சும் தொறந்தாங்களா?"

"ஸ்க்ரூவே துருப்புடிச்சுக் கெடந்துச்சு. நீதான் மொதல்ல தொறந்த."

மழை பெய்துகொண்டிருந்த அந்த மாலையில், சூடான தூசி வாசனைக்கு அடியிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசனையும், அதற்கும் அடியிலிருந்து கோரிமேட்டு ஆஸ்பத்திரி வார்டின் மருந்து நெடியும் மெல்ல மெல்ல எழுந்து அறையை நிறைத்தன. அங்கே மருந்து ஏற ஏற, அவள் முடி கொத்துக்கொத்தாகத் தலையணையில் தங்கியது. "வளந்ததும் நீங்கதான் சடை பின்னி விடணும்," என்றாள். "பின்னறேன்," என்றான். வளரவில்லை.

விசிறி முனகியது. நின்றது.

பெட்டியின் பின்பக்கத் துளைகளிலிருந்து முடி வழிந்துகொண்டிருந்தது. கறுப்பாக. ஈரமாக.

சூடு ஏறினால் டிஸ்க் போய்விடும். கத்தரிக்கோலை எடுத்தான். ஓர் இழையை இழுத்துப் பார்த்தான். வேரோடு வந்தது. வேரில் ரத்தம்.

உள்ளே ஏதோ விசும்பியது.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். முடியை அள்ளினான். உடம்புச் சூடு. மூன்றாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினான். சிக்கு விலகியது. விசிறி சுழன்றது. திரையில் நகலான சதவீத எண் நகர்ந்தது. அறுபத்திரண்டு.

கையை எடுத்தான். முடி உள்ளே இழுபட்டது. விசிறி நின்றது.

மறுபடி பிடித்தான். பின்னினான். ஒரு சிக்கு. சற்று வெடுக்கென்று இழுத்தான்.

"ஸ்ஸ்… மெதுவாங்க."

நீலப்பெட்டி மேசைமேல் தானாக நகர்ந்தது. முதுகை அவன் பக்கம் வாகாகக் காட்டி அமர்ந்தது.

சடை அவன் மடியில் விழுந்து, தரையில் சுருண்டு, வாசலைத் தாண்டியது. நுனி இன்னும் வரவில்லை.