பதில் குரல்

ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிய கையோடு இருளப்பன் மகளைக் கூட்டிக்கொண்டு மீன்பிடிக்கக் கிளம்பினான். அவன் தோளில் இரண்டு மூங்கில் தூண்டில்கள். பத்து வயது ஜெயாவின் கையில் மண்புழு போட்ட பால் டின்.

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது.

"எங்க போலாம்மா? பாலத்துக்கிட்டயா?"

"மடுவுக்கு" என்றாள் ஜெயா.

இருளப்பன் நின்றுவிட்டான். தாய் இறந்ததிலிருந்து அவள் வாய் திறப்பதே அபூர்வம். எது கேட்டாலும் தலையசைப்பாள், அவ்வளவுதான். அவளைப் பேசவைக்கத்தான் இந்தத் தூண்டிலும் புழுவும். இப்போது பேசியும்விட்டாள். ஆனால் அவள் சொன்ன இடம் அவன் கால் வைக்கப் பயந்த இடம்.

மாட்டேன் என்று சொன்னால் திறந்த வாய் மறுபடி மூடிக்கொள்ளும்.

"சரி, வா" என்றான்.

மேட்டுமலை என்று தோட்டத்தில் சொல்லப்படும் தேயிலைச் சரிவின் அடியில் இருந்தது அந்த ஆற்று மடு. அதன் கரையில் கொழுந்து நிறுக்கும் பழைய கொட்டகை ஒன்று தகரம் துருப்பிடித்து நின்றது. இப்போது அங்கே யாரும் கொழுந்து நிறுப்பதில்லை.

அதற்குக் காரணம் திலகம், ஜெயாவின் தாய்.

பனி இறங்கிவிட்டால் மலையில் பக்கத்துச் செடிகூடத் தெரியாது. அப்போது கொழுந்து பறிக்கும் நிரையில் கடைசியாக நிற்பவள் 'ஓ...ய்' என்று குரல் கொடுப்பாள். கொட்டகையில் இருப்பவர்கள் பதில் குரல் கொடுக்க வேண்டும். அந்தப் பதில் வந்த திசையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இறங்குவாள். பதில் வரும்வரை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். லயத்துப் பிள்ளைகள் நடை பழகும் வயதிலேயே பழகிவிடும் வழக்கம் இது.

அன்று மழை வருவதற்குள் போய்விட வேண்டும் என்று லோரிக்காரன் அவசரப்படுத்தினான். திலகம் முதல் லோரியிலேயே போய்விட்டாள் என்று கங்காணி காளியண்ணன் நினைத்துக்கொண்டார். எல்லாரும் ஏறிப் போய்விட்டார்கள். மேலே அவள் எத்தனை முறை கூப்பிட்டாளோ, எவ்வளவு நேரம் காத்து நின்றாளோ, யாருக்கும் தெரியாது. கடைசியில் தவறான பக்கம் இறங்கியிருக்கிறாள். மறுநாள் காலையில் மடுவில் கிடைத்தாள். கூடையின் வார் அப்போதும் அவள் நெற்றியிலேயே இருந்தது.

பனி நாட்களில் மேட்டுமலையில் குரல் கேட்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். பதில் சொன்னால் சொன்னவரோடு அது வந்துவிடும் என்றும் சொன்னார்கள். அதனால் யாரும் பதில் சொன்னதில்லை.

மடுவில் வெயில் விழுந்திருந்தது. பயப்பட ஒன்றுமில்லை போலத்தான் இருந்தது. இருளப்பன் புழுவைக் கோத்துக் கொடுத்தான். வெகுநேரம் ஆகியும் தக்கை அசையவில்லை.

"உன் மேல மருந்து வாடைப்பா. அதான் மீன் வரல."

வாரம் முழுக்க முதுகில் பம்பைச் சுமந்து களைக்கு மருந்து அடிப்பவன் அவன். எத்தனை முறை குளித்தாலும் அந்த வாடை போகாது.

"மருந்துக்கும் மீனுக்கும் என்னா? நான் எவ்வளவு பெருசு பிடிச்சிருக்கேன் தெரியுமா?"

"அம்மா சொல்லியிருக்கு. நீ பிடிச்சதெல்லாம் பிரிஞ்சாங் டவுன் கடையில வாங்குனதாம்."

"அவ அப்படியா சொன்னா? ஒரு தடவைதான்லா வாங்குனேன்!"

ஜெயா சிரித்தாள். அந்தச் சிரிப்பு தாயின் சிரிப்பாகவே இருந்தது. இருளப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தான்.

அந்த நேரம் பார்த்து அவள் தக்கை முங்கியது. "இழு, இழு!" என்று அவன் கத்த, அவள் பின்னால் சாய்ந்து இழுக்க, ஒரு கெளுத்தி கரையில் வந்து துள்ளியது.

"முள்ளு குத்தும், இரு." அவள் சின்னக் கையைத் தன் கைக்குள் வைத்து, முள்ளுக்குக் கீழே எப்படிப் பிடிப்பது என்று காட்டினான். மீன் இருவர் கைக்குள்ளும் நெளிந்தது. இப்படி ஒரு நாள் தனக்குக் கிடைக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

அவன் நிமிர்ந்தபோது எதிர்க்கரை இல்லை.

பனி மலையிலிருந்து ஓசைப்படாமல் இறங்கி வந்திருந்தது. கொட்டகையின் தகரம் மங்கி, பிறகு மறைந்தது. குருவிச் சத்தம் நின்றது. அதுவரை சலசலத்துக்கொண்டிருந்த தண்ணீரும் மூச்சைப் பிடித்துக்கொண்டது போல அடங்கியது.

வாடை வந்தது. அப்போதுதான் கிள்ளிய பச்சைக் கொழுந்தின் வாடை.

ஞாயிற்றுக்கிழமை மலையில் யாரும் கொழுந்து பறிப்பதில்லை.

"ஓ...ய்."

மேலேயிருந்து வந்தது. ஒவ்வொரு பெண்ணின் குரலுக்கும் ஓர் இழுப்பு உண்டு. கடைசியில் கேள்வி கேட்பது போல மேலே ஏறி நிற்கும் இழுப்பு ஒருத்திக்குத்தான் உண்டு.

ஜெயா வாய் திறந்தாள். இருளப்பன் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான்.

"பேசாதம்மா" என்று அவள் காதுக்குள் கெஞ்சினான்.

அவள் அவன் விரல்களை விலக்கினாள். "அம்மாப்பா."

"இல்லம்மா. அம்மாவை நாமதானே..."

"யாருமே பதில் சொல்லலன்னா அது எப்படிப்பா எறங்கும்? அங்கயேதானே நிக்கும்?"

அவள் மீன் பிடிக்க வரவில்லை. இதற்காகத்தான் வந்திருக்கிறாள். மாதக்கணக்கில் வாய்க்குள்ளே வைத்திருந்த ஒரே பதிலைச் சொல்ல வந்திருக்கிறாள்.

"ஓ...ய்."

இந்த முறை குரல் நடுங்கியது. குளிரில் வெகுநேரம் நின்ற குரல்.

ஜெயா மூச்சை இழுத்தாள். பதில் சொன்னவரோடு அது வந்துவிடும் என்பது இருளப்பன் நினைவுக்கு வந்தது. இனி அவள் வாயைப் பொத்தியும் பயனில்லை. இன்று பொத்தினால் இன்னொரு பனி நாளில் இவள் தனியாக இங்கே வருவாள்.

அவன் அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினான். மலையைப் பார்த்து நின்றான்.

"ஓய்!" என்று கூவினான். "இங்க இருக்கேன், திலகம். பார்த்து எறங்கு."

ஒரு நொடி எதுவும் இல்லை.

பிறகு செடிகள் விலகும் ஓசை. மேலேயிருந்து, நிதானமாக, வழி தெரிந்த கால்கள் இறங்கும் ஓசை. நெருங்கியது. இன்னும் நெருங்கியது.

நின்றது.

நனைந்த சாக்கைப் போர்த்தியது போல அவன் தோள் குளிர்ந்தது.

"திரும்பிப் பார்க்காத. முன்னால நட" என்றான் மகளிடம். தூண்டில்களை அங்கேயே போட்டுவிட்டான். மீனை மட்டும் ஜெயா விடவில்லை. லயம்வரை அவள் அவனுக்கு முன்னால் நடந்தாள். அவனுக்குப் பின்னால், ஈரக் கூடை ஒன்று அடிக்கு ஒரு தரம் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது.

அதன் பிறகு ஜெயா பழையபடி பேசத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்துக் கதை, பக்கத்து வீட்டுச் சண்டை, எல்லாம். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருளப்பனுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கூட மருந்தடிக்கும் நல்லுசாமி மட்டும் கேலி செய்தான்: "என்னண்ணே, உன் மேல கொழுந்து வாடை? பொம்பளைங்களோட சேர்ந்து பறிக்கப் போறியா?" இருளப்பன் சிரித்து மழுப்பினான். வெயிலிலும் அவன் சட்டையின் தோள்பட்டை ஈரமாகவே இருந்தது.

ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வரும்போது பனி இறங்கிவிட்டது. லயத்து விளக்கு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. அவன் நின்றான். வீட்டு வாசலிலிருந்து ஜெயா கூப்பிட்டாள்.

"ஓ...ய்! அப்பா!"

"ஓய்!" என்றான் இருளப்பன்.

அவன் குரல் அடங்கு முன்பே, அவன் காதுக்குப் பின்னாலிருந்து இன்னொரு பதில் போனது. மெல்ல, கடைசியில் மேலே ஏறி நிற்கும் இழுப்போடு.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்தான். பனிக்குள்ளிருந்து வாசல் தெரிந்தது. அங்கே ஜெயா, கதவை அகலத் திறந்து, இரண்டு பேர் சேர்ந்து நுழைவதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தாள்.