மூன்றாவது சாவி

வாடகை வீட்டுச் சாமான் பட்டியலில் சாவி மூன்று என்று இருந்தது. அவன் கைக்கு வந்ததோ இரண்டுதான்.

"இன்னொண்ணு உள்ளேயேதான் இருக்கும் சார். மாச வாடகைக்கு வர்றவங்க எங்கயாவது வெச்சுட்டுப் போயிடுறாங்க" என்றார் தரகர், வாசலைத் தாண்டாமலே.

கட்டில் ஒன்று, நாற்காலி நான்கு, தம்ளர் ஆறு, சாவி மூன்று. பதினோரு வருடமாகக் கிடங்கில் சரக்கு சரிபார்ப்பவன் அவன். ஒரு பெட்டி குறைந்தாலும் லாரியோடு திருப்பி அனுப்பிவிடுகிற ஆள். அன்றைக்கு எதையும் எண்ணாமல் 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போட்டான். மனைவி இறந்து நாலு மாதம். அதிலிருந்து பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி ஆள் மொத்தமும் மரத்துப் போயிருந்தான்.

மகளுக்காகத்தான் இந்த வீடே. ஏழு வயது, பெரியம்மா வீட்டில் இருந்தாள். "ஒரு மாசம் உங்ககூட வெச்சுப் பாருங்க. முடியலைன்னா எங்கிட்டயே இருக்கட்டும்" என்று மனைவியின் அக்கா சொல்லியிருந்தாள். கரிசனம்தான், ஆனால் கெடுவும்கூட. மகளும் போய்விட்டால் தனக்கென்று ஒன்றும் மிஞ்சாது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததே தவிர, உறைக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே நனைந்த துணியை மூடி வைத்த வாடை முகத்தில் அடிக்கும். ஃப்ரிட்ஜின் முனகலுக்கு அடியில் மெல்லிய உரசல் ஒன்று, யாரோ பொழுது போகாமல் விரலிடுக்கில் சாவியைத் திருப்பிக்கொண்டிருப்பது போல, அவன் கூடத்தில் இருந்தால் படுக்கையறையிலிருந்தும், படுக்கையறைக்குப் போனால் கூடத்திலிருந்தும் கேட்கும். பயந்திருக்க வேண்டும். குழாய்ச் சத்தம் என்று சொல்லிக்கொண்டு படுத்துவிட்டான். சமையலறைத் தொட்டியில் தினமும் ஒரு தம்ளர் ஈரமாக இருந்தது. தானே குடித்திருப்போம் என்று கழுவிக் கவிழ்த்தான். மெத்தைக்கு அடியில், அலமாரிக்கு மேலே, எங்கே தேடியும் சாவி கிடைக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவியின் அக்கா குழந்தையைக் கொண்டுவந்து விட்டாள். வீட்டை ஒரு சுற்றுப் பார்த்து, "பரவாயில்லையே, சுத்தமா வெச்சிருக்கீங்க" என்றாள். அவள் கிளம்பிய பிறகுதான் பால் வாங்காதது நினைவுக்கு வந்தது. கடை கீழேயே இருந்தது.

"பத்தே நிமிஷம்டா கண்ணு. யார் தட்டினாலும் திறக்கக் கூடாது."

"நீங்க தட்டினா?"

"நான் ஏன் தட்டப் போறேன்? எங்கிட்டதான் சாவி இருக்கே."

பூட்டிவிட்டு இறங்கினான். இரண்டு சாவியும் அவன் சட்டைப் பையில்தான் இருந்தன.

திரும்பி வந்து சாவியை நுழைத்தான். பாதிதான் போனது. இன்னொரு முறை அழுத்தினான். இரும்பில் இரும்பு இடித்தது. உள்பக்கமிருந்து பூட்டில் வேறொரு சாவி நுழைந்திருந்தது.

தட்டினான்.

"கண்ணு, அப்பாதான். கதவைத் திற."

"சாவி எங்கிட்ட இல்லப்பா." கதவை ஒட்டியே நின்றாள்.

"யாரு கிட்ட இருக்கு?"

கதவில் காதை வைத்தான்.

"தட்டினா திறக்கக் கூடாதுன்னு சொல்றாங்கப்பா."

பால் பாக்கெட் கீழே விழுந்தது. நாலு மாதமாக எட்டிப் பார்க்காத பயம் இப்போது மொத்தமாக வந்தது. கத்தினான். தோளால் இடித்தான். கதவு அசையவில்லை.

உள்ளே சாவி திரும்பியது. மெதுவாக. இன்னொரு சுற்றுப் பூட்டிக்கொண்டது.

தரையில் கன்னத்தை வைத்துக் கதவிடுக்கில் பார்த்தான். விளக்கு வெளிச்சம். மகளின் இரண்டு பாதங்கள். அவற்றுக்குப் பின்னால் இன்னும் இரண்டு. பெரியவை. ஈரமானவை.

"அப்பா..."

சின்னப் பாதங்கள் தரையை விட்டு எழும்பின. இடுப்பில் தூக்கிக்கொள்ளும் குழந்தையின் பாதங்கள் எழும்புவது போல, அவ்வளவு பக்குவமாக. பெரிய பாதங்கள் மட்டும் திரும்பி, ஈரத் தடம் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தன.