ஒரு டிரங்குப் பெட்டி நிறைய சர்ச் விசிறிகள்

காலை 7.00. டிசம்பர் முதல் தேதி, 1983.

அமெரிக்காவின் கேரி நகரம், பிராட்வே தெரு. டோனட் கடையின் குட்டி ரேடியோவில் ஜூபிலி வானொலியின் துவக்கப் பாட்டு அப்போதுதான் கிளம்பியது. ஆர்கன் முதல் சுரத்தை இழுத்தபோது ஒடெஸ்ஸா பெட்டிஃபோர்ட் கடைக்கு மேலிருந்த ஜூபிலி நிலையத்தின் மாடிப்படியில் கால் வைத்தாள். அந்தச் சுரம் ஓய்வதற்குள் உச்சியில் நின்றாள். வயது அறுபத்தெட்டு. முழங்கால்கள் அன்று முழுக்க அவளைத் திட்டிக்கொண்டேயிருந்தன.

7.04. இசைத்தட்டு அறையின் பூட்டு சரியாக இருந்தது. டிரங்குப் பெட்டி இருந்த இடத்தில் இருந்தது. திறந்தாள். உள்ளே காற்று மட்டும்தான்.

நேற்று சாயங்காலம்வரை அதில் நானூற்றுப் பதினொரு விசிறிகள் இருந்தன. ஜூபிலியை வெளியூர்க் கம்பெனி ஒன்று வாங்கப் பார்த்தது. விற்கக்கூடாது என்று ஊரே கையெழுத்துப் போட்டது. இரண்டாவது வாரம் காகிதம் தீர்ந்தது; நிரம்பிய தாள்களையும் அந்தப் பெட்டியில்தான் போட்டிருந்தார்கள். இந்த ஊரில் ஒரு வீட்டில் அடுப்பு இல்லாமல் இருக்கலாம், சர்ச்சில் வீசிக்கொள்ளச் சவப்பெட்டிக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த அட்டை விசிறி இல்லாமல் இருக்காது. அவற்றின் முதுகிலேயே, ஒரு விசிறிக்குப் பத்துப் பேர் வீதம், நாலாயிரத்துச் சொச்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். பகல் பன்னிரண்டுக்குள் வானொலி உரிம அதிகாரிகள் முன் அவை போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் எதிர்ப்பே இல்லை என்று முத்திரை குத்திவிடுவார்கள்.

ஆலைகள் மூடிக்கொண்டே வந்த ஊரில் யார் செத்தார், யார் ஆஸ்பத்திரியில், யார் வீட்டில் விறகு இல்லை என்பதையெல்லாம் சொல்ல ஜூபிலி ஒன்றுதான் மிச்சம். அதுவும் பகல் வானொலி. சூரியனைக் கேட்டுத்தான் வாய் திறக்கலாம், சூரியனைக் கேட்டுத்தான் மூடலாம். உரிமம் அப்படி.

ஜூபிலியின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ள வருமுன் ஒடெஸ்ஸா நாற்பது வருஷம் டெலிபோன் ஆபீசில் இணைப்புக் கொடுத்தவள். எதிர்முனைக்காரர் மூச்சை இழுப்பதிலேயே வரப்போவது பொய்யா மெய்யா என்று சொல்லிவிடுவாள். வெறும் மௌனத்தைக் கேட்டே இரண்டு கல்யாணங்களை நிறுத்தியவள் என்று ஊரில் பேச்சு. அவளைக் கேட்டால் ஐந்து என்பாள்.

அறைக்குச் சாவி மூன்று. ஒன்று அவளிடம். ஒன்று எஞ்சினீயர் ஹோசியா கான்ட்டிடம். மற்றது காலை அறிவிப்பாளர் லூசியஸ் போஹானனிடம்.

7.10. டோனட் கடை யுலிசிஸ் க்ரம்ப்.

"மேல ஏதாச்சும் சத்தம் கேட்டுதா?"

"ஆறரைக்கு யாரோ நடந்தாங்க மிஸ் ஒடெஸ்ஸா. நாலஞ்சு தடவை ஏறி இறங்குனாங்க. அப்புறம் பின்பக்கம் பீப்பாயில புகை. குப்பை எரிக்கிறாங்கன்னு விட்டுட்டேன்."

"எட்டிப் பார்க்கலையா?"

"எண்ணெய்ச் சட்டிய விட்டுட்டு எங்க வர்றது? ஒரு டோனட் கருகினாக்கூட என் பொண்டாட்டி என்னையே வறுத்துடுவா!"

7.20. ஹோசியா கான்ட், தொலைபேசியில். நகரத்துக்குப் பன்னிரண்டு மைல் தள்ளி, சதுப்பு நிலத்தில், ஒலிபரப்புக் கோபுரத்தடிக் குடிசையில் இருந்தார்.

"ஆறரைக்கு எங்க இருந்தே ஹோசியா?"

"இங்கதான். சுவிட்சு மேல கைய வச்சுக்கிட்டு, கடியாரத்தையே பார்த்துக்கிட்டு. ஏழுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி தொட்டாலும் உரிமத்தைப் பிடுங்கிடுவாங்களே."

"கூட யார்?"

"நாலு வாத்து. வேணும்னா கூட்டிட்டு வர்றேன், சத்தியம் பண்ணச் சொல்லு."

7.40. எட்டு மணி நிகழ்ச்சிக்கு லூசியஸ் வந்தான். அறுபத்தொரு வயது. தேன் குரல், அந்தக் குரலைக் கேட்டுப் பிரசவ வலியே நின்றதாக ஊரில் மூன்று பெண்கள் சொல்வார்கள். காலிப் பெட்டியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.

"அய்யய்யோ சிஸ்டர்! எந்தப் பாவி செஞ்சான்?"

"ஆறரைக்கு நீ எங்க இருந்தே?"

"வீட்லதான். சவரம் பண்ணிக்கிட்டிருந்தேன். சரியா ஆறரைக்கு ரேடியோல நம்ம பாட்டு வந்துச்சா, கூடச் சேர்ந்து பாடினேன். பாடுன ஜோர்ல அடுப்புல சோளக் களி தீஞ்சே போச்சு. பாரு, சட்டையெல்லாம் புகை நாத்தம்."

ஒடெஸ்ஸா அவன் சட்டையை ஒரு தடவை முகர்ந்துவிட்டுப் பின்பக்கப் படியைப் பார்த்து நடந்தாள்.

8.15. பின்பக்கத்துப் பீப்பாய். சாம்பல் இன்னும் சுட்டது. குச்சியால் கிளறினாள். விசிறிக் கைப்பிடிகளைப் பிடித்திருந்த சின்னக் கம்பி ஊசிகள், நூற்றுக்கணக்கில். ஒரு கைப்பிடி மட்டும் பாதி எரிந்து கிடந்தது. அதில் ஒட்டியிருந்த அட்டைத் துண்டில் ஒரு பெயரின் வால்.

9.00. ஹோசியா வந்து சேர்ந்தார். அறையில் மூவரும்.

"ஹோசியா இல்லை," என்றாள் ஒடெஸ்ஸா. "ஆறேமுக்கால்வரைக்கும் இங்க எரிச்சுட்டு, இந்தப் பனியில பன்னிரண்டு மைல் ஓட்டிப்போய், ஏழுக்கு அங்க சுவிட்சைப் போட இவருக்கு றெக்கையா இருக்கு? லூசியஸ், ஆறரைக்கு நீ எந்தப் பாட்டைக் கேட்டே?"

"துவக்கப் பாட்டு. வேற என்ன?"

"நவம்பர் முழுக்க அது ஆறரைக்கு வந்துச்சு. உரிமத்துல நேரம் மாசாமாசம் மாறும், டிசம்பர்ல சூரியன் லேட்டு. இன்னிக்கு முதல் தேதி. நான் படியில கால் வைக்கும்போதுதான் பாட்டு துவங்குச்சு, ஏழுக்கு. ஆறரைக்கு இந்த ஊர் ரேடியோவில வெறும் இரைச்சல்தான்."

லூசியஸ் தொப்பியைக் கையில் எடுத்தான்.

"நேத்து சாயங்காலம் ஒலிபரப்பை மூடும்போது அட்டையைப் பார்த்து நீயேதானே வாசிச்சே? 'அன்பர்களே, நாளை முதல் ஏழு மணிக்கு' அப்படின்னு. ஊரே கேட்டுது, க்ரம்ப் கூடக் கேட்டான். இருபத்திரண்டு வருஷமா வாசிக்கிறியே, நீ ஒரு நாளாவது கேட்டிருக்கியா?"

லூசியஸ் தொப்பியைப் பார்த்துப் பேசினான். "இதை எரிச்சா காலை நிகழ்ச்சி எனக்குத்தான்னு வாங்குற கம்பெனிக்காரங்க சொன்னாங்க சிஸ்டர். கைய அடிச்சுச் சொன்னாங்க. இந்த வயசுல நான் எங்க போவேன், ஆலைக்கா? ஆலையே வீட்ல உக்காந்திருக்கு! எப்படியும் விக்கத்தான் போறாங்க. என் குரலாச்சும் மிஞ்சட்டுமேன்னு..."

ஒடெஸ்ஸா தொலைபேசியை எடுத்தாள். வாங்கும் கம்பெனியில் ஒரு பெண் பேசினாள். காலை அறிவிப்பாளர் பற்றி ஒடெஸ்ஸா கேட்டாள். ரிசீவரை லூசியஸின் காதில் வைத்தாள்.

"அறிவிப்பாளரா? அங்க ஆள் யாரும் வேண்டாமே. நிகழ்ச்சியெல்லாம் இங்கேயிருந்தே டேப்ல வந்துடும்."

லூசியஸ் உட்கார்ந்தான். ஹோசியா அவனை அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கையைத் தன் முகத்திலேயே வைத்துக்கொண்டார்.

12.00. அதிகாரிகள் முன் ஒடெஸ்ஸா பாதி எரிந்த கைப்பிடியை வைத்தாள். கண்ணாடி போட்டவர் அதைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கையெழுத்து, அதுவும் அரை. 12.09க்கு முத்திரை விழுந்தது. நாளையிலிருந்து புதிய கம்பெனி.

போலீசுக்குப் போகலாம் என்றார் ஹோசியா. "போனா நாலாயிரம் கையெழுத்தும் சாம்பல்லேர்ந்து எழுந்திருச்சு வருமா?" என்றாள் ஒடெஸ்ஸா.

மாலை 4.15. சூரியன் ஆலைப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. ஒலிபரப்பை மூடும் அட்டையை வாசிக்க வேறு ஆள் இல்லை. லூசியஸ் ஒலிவாங்கி முன் உட்கார்ந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒடெஸ்ஸா நின்றாள். தெருவில் கார்கள் ஓரங்கட்டி நின்றன. க்ரம்ப் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தான்.

"அன்பர்களே, இத்துடன் இன்றைய ஒலிபரப்பு நிறைவடைகிறது. நாளைக் காலை ஏழு மணிக்கு உங்கள் ஜூபிலி மீண்டும் உங்களோடு."

இந்தத் தடவை அவன் சொன்னதில் நேரம் மட்டும்தான் மெய்.