மாறிய பதிவுகள்: பூஜ்யம்

பெரம்பலூர் பஸ்ஸிலிருந்து ஆலத்தியூரில் தம்பி அறிவரசனோடு இறங்கினாள் கலையரசி. அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போனான். அவள் சுரங்க ஒப்பந்தக்காரரின் ஆபீசுக்குள் நுழைந்தாள். ஆட்களின் வருகைப் பதிவைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

ஆபீஸ் வாசலில் அம்சவள்ளி உட்கார்ந்திருந்தாள். முந்தாநாள் அவள் புருஷன் வீரமணி மேல் கல் சரிந்து விழுந்தது. உடலை வெளியே எடுத்தபோது வாய் நிறைய வெள்ளை மண்.

மேனேஜர் ராசாங்கம் கதவைச் சாத்தினார்.

"முந்தாநாள் வீரமணி வேலைக்கே வரலன்னு மாத்திடும்மா. போலீஸ் கேட்டா, அவனாத்தான் உள்ள பூந்தான்னு சொல்லிக்கலாம்."

"பாவங்க சார் அந்தக்கா..."

"உன் தம்பிக்கு இங்க வேல வேணுமா, வேணாமா?"

கலையரசி வீரமணியின் எண்ணை அடித்தாள். தேதியை அடித்தாள். 'வரவில்லை' என்று மாற்றச் சொல்லிப் பொத்தானை அழுத்தினாள்.

"ஆச்சா?"

திரையின் அடியில் ஒரு வரி வந்தது. மாறிய பதிவுகள்: 0.

"இல்லைங்க சார். எதுவும் மாறல."

"தப்புன்னு காட்டலையே?"

"காட்டாதுங்க சார். சொன்னதக் கேட்டுக்கிச்சு. ஆனா எதையும் மாத்தல."

எண் சரியாக இருந்தது. தேதியும் சரி. மறுபடி அழுத்தினாள்.

0.

அறைக்குள் ஈரச் சுண்ணாம்பின் நெடி மெல்லப் பரவியது. தரைக்கு வெகு கீழே எங்கோ கல் உருண்டது. அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ வாயிலிருந்த மண்ணைத் துப்பினார்கள்.

திரும்பினாள். சுவர்தான் இருந்தது.

மூன்றாவது முறை, அவள் விரல் படும் முன்பே பொத்தான் அமுங்கியது.

மாறிய பதிவுகள்: 1.

ராசாங்கம் சிரித்துக்கொண்டே அவளையும் கூட்டிக்கொண்டு வெளியே அம்சவள்ளியிடம் போனார். "உன் புருஷன் அன்னிக்கி வேலைக்கே வரலம்மா. வேணும்னா இந்தப் பொண்ணக் கேளு."

"ஆமாங்கக்கா," என்றாள் கலையரசி, தரையைப் பார்த்தபடி. "வரல."

அம்சவள்ளி அழவில்லை. "சோறு கட்டிக் குடுத்து அனுப்புனது நாந்தாண்டி," என்றாள்.

உள்ளே வந்த பிறகுதான், மாறியது எந்தப் பதிவு என்று கலையரசி திறந்து பார்த்தாள்.

வீரமணி, முந்தாநாள்: வந்தார். அது அப்படியே இருந்தது.

மாறியது வேறு.

அறிவரசன், இன்று: வரவில்லை.

செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் சுரங்கத்துக்கு ஓடினாள். அங்கே தம்பியோடு வேலை பார்க்கும் நல்லதம்பி நின்றிருந்தான்.

"அறிவு எங்கண்ணே?"

"அவன் இன்னைக்கு வரலையேம்மா."

"என்கூடத்தாண்ணே வந்தான்!"

"வரலம்மா."

சுற்றி நின்றவர்களும் அதையே சொன்னார்கள். ஒருவர் கண்ணிலும் பொய் இல்லை.

ஆபீசுக்கு ஓடிவந்தாள். அறிவரசன், இன்று, 'வந்தார்'. அழுத்தினாள்.

0.

அழுத்தினாள்.

0.

சுரங்கம் முழுக்கத் தேடினார்கள். அறிவரசனின் ஹெல்மெட்கூடக் கிடைக்கவில்லை. அம்மா எவ்வளவோ அழுதும் கலையரசி அந்த வேலையை விடவில்லை. தினமும் அதே நாற்காலியில் உட்கார்ந்து, தம்பி அன்று வந்தான் என்று அடிக்கிறாள். பூஜ்யம்தான் வருகிறது.

ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அவள் கையின் மேல் இன்னொரு கை வந்து அமர்கிறது. கனமான, குளிர்ந்த கை.

அது விலகியதும் அவள் புறங்கையில் ஐந்து விரல்கள் பதிந்திருக்கின்றன, வெள்ளையாக.